புது பெல்லட் கிரில்: 225 வைத்தால் கம்பித்தட்டில் 260 காட்டுகிறது, எந்த எண்ணை நம்புவது?

ஃபிரிஸ்கோவாசி:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். இதுவரை கேஸ் கிரில்தான் வைத்திருந்தேன், இரண்டு வாரத்துக்கு முன்னால் முதல் முறையாக பெல்லட் கிரில் (அழுத்திய மரத்தூள் குச்சிகளைத் தானே தீக்குள் தள்ளி எரிக்கும் அடுப்பு) வாங்கினேன். நானும் மச்சானும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பூட்டினோம். கூடவே வந்த புத்தகத்தில் சொன்னபடி வெறும் கிரில்லை 350 டிகிரியில் ஒரு மணி நேரம் எரியவிட்டு, புது இரும்பின் எண்ணெய் வாசனையைப் போக்கியாயிற்று. (நான் சொல்வதெல்லாம் ஃபாரன்ஹீட்.)

போன சனிக்கிழமை கோழித் தொடை பன்னிரண்டு துண்டு வைத்தேன். 225 வைத்தேன். கன்ட்ரோலர் திரையில் 223, 228, 225 என்று அழகாக அங்கேயே நின்றது. மூடியில் இருக்கும் வட்ட முள் தெர்மாமீட்டர் 190 காட்டியது. சந்தேகம் வந்து, தனியாக வாங்கி வைத்திருந்த இரண்டு ஒயர் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். இடப்பக்கம் 262, வலப்பக்கம் 241. ஒரே பெட்டிக்குள் நான்கு எண்கள். கோழி நான் நினைத்ததைவிட சீக்கிரமே வெந்துவிட்டது, இடப்பக்கம் இருந்த துண்டுகள் வெளியே கறுத்து லேசாகக் கசந்தன, தோலோ ரப்பர் மாதிரி இருந்தது.

கன்ட்ரோலர் மெனுவில் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கிறது, கன்ட்ரோலர் படிக்கும் சூட்டை 30 டிகிரி வரை கூட்டிக் குறைக்கலாம். அதைப் போட்டுச் சரிசெய்துவிடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் இருபது வருடமாக பார்பெக்யூ செய்பவர், அவர் "எண்ணைப் பார்க்காதே, நாலு தடவை சமைத்தால் கை பழகிவிடும்" என்கிறார். எனக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள், முப்பது பேர் வருகிறார்கள், இரண்டு முழு ஆட்டுத் தொடை வைக்கலாம் என்று இருக்கிறேன். ஹலால் கடையில் எலும்போடு வாங்கினால் விலை என்ன என்பது உங்களுக்கே தெரியும், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஹூஸ்டன்புகை:

தம்பி, ஆஃப்செட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆறு வருடமாக பெல்லட் கிரில் வைத்திருக்கிறேன், முதல் இரண்டு மாதம் நீங்கள் செய்யப் பார்ப்பதையேதான் நானும் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் வாங்கிய தெர்மாமீட்டர் சரியா என்று பாருங்கள். கிரில்லைத் தப்பு சொல்வதற்கு முன்னால் அதை அளக்கிற கோல் சரியாக இருக்க வேண்டும் இல்லையா. ஒரு உயரமான டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, ஐஸுக்கு இடையில் இருக்கும் சந்து நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் நாலு ஐஸ் மிதந்தால் போதாது, அடிவரை ஐஸ் இருக்க வேண்டும். நன்றாகக் கலக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கம்பியின் முனை டம்ளரைத் தொடாமல் நடுவில் பிடியுங்கள். 32 காட்ட வேண்டும். அப்புறம் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர். கடல் மட்டத்தில் 212, ஒவ்வொரு 500 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். உங்கள் ஊர் ஏழெட்டு நூறு அடி உயரத்தில் இருக்கிறது, அதனால் 210, 211 வந்தால் சரி. கொலராடோவில் டென்வர்காரர் இதையே செய்தால் 202தான் வரும், அங்கே போய் 212 வரவில்லையே என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடக்கூடாது. ஒயர் கம்பியோடு சேரும் இடம் தண்ணீருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஈரம் இறங்கினால் அதன் கதை முடிந்தது.

மூடியில் இருக்கும் முள்ளை மறந்துவிடுங்கள். அது மூடியின் இரும்பையும் அதன் ஓரத்தில் இருக்கும் காற்றையும் காட்டுகிறது, கறி அங்கே இல்லை.

இடம் வலம் 20 டிகிரி வித்தியாசம் என்றீர்களே, அதுதான் என் கண்ணில் பட்டது. உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துப் பாருங்கள். தீ எரியும் கிண்ணத்துக்கு மேலே ஒரு தடித்த இரும்புத் தகடு, அதற்கு மேலே கொழுப்பு வடிகிற பெரிய தட்டு, அப்புறம்தான் கம்பித்தட்டு. சூடான காற்று அந்தப் பெரிய தட்டின் நாலு ஓரத்து இடைவெளி வழியாகத்தான் மேலே வருகிறது. தட்டு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் எதிர்ப்பக்கம் சந்து பெரிதாகி அங்கே சூடு கொட்டும். என் கிரில்லில் வலப்பக்கம் எப்போதும் 40 டிகிரி கூடுதலாக இருந்தது. ஆஃப்செட்டை மாற்றி மாற்றிப் போட்டதில், வலப்பக்கம் சரியானால் இடப்பக்கம் வேகாது, இடப்பக்கம் சரியானால் வலப்பக்கம் கருகும். ஒருநாள் சாம்பல் எடுக்கும்போதுதான் தகட்டின் ஒரு கால் அதற்கான பள்ளத்தில் உட்காராமல் விளிம்பின் மேலே நிற்பதைப் பார்த்தேன். ஒரு தட்டு தட்டினேன், டக்கென்று உட்கார்ந்தது. அன்று மாலையே வித்தியாசம் பத்துக்குள் வந்துவிட்டது.

இன்னொன்று, கிரில் நிற்கும் தரை மட்டமாக இருக்கிறதா? மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் போடும் சிமெண்ட் தளத்துக்கு எப்போதும் சரிவு இருக்கும்.


நெய்வேலி டு கால்கரி:

நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் பதினொரு வருடம் இருந்தேன், இப்போது கனடாவில் கால்கரி. வெப்பநிலை அளப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரில்லின் உள்சுவரில் பென்சில் பருமனுக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பல கிரில்களில் அது பிடி1000 என்ற பிளாட்டினம் சென்சார். சூடு ஏறினால் பிளாட்டினத்தின் மின்தடை ஏறும்: 0 செல்சியஸில் 1000 ஓம், 100 செல்சியஸில் 1385 ஓம், நீங்கள் வைத்த 225 ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய 1412. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் கம்பியைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் வைத்து 1000 வருகிறதா என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் வரும். இந்த சென்சார்கள் லேசில் பொய் சொல்வதில்லை. அது இருக்கிற இடத்தின் சூட்டைச் சரியாகத்தான் சொல்கிறது, அந்த இடம் சுவர் ஓரம் என்பதுதான் விஷயம். உங்கள் கறி இருப்பது அங்கிருந்து ஒரு அடி தள்ளி, கம்பித்தட்டின் மேலே. நீங்கள் பார்த்த நான்கு எண்களும் நான்கு இடங்களுடையவை, நான்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

அடுத்தது, எப்போது பார்த்தீர்கள் என்பது. பெல்லட் கிரில் கேஸ் மாதிரி சீராக எரியாது. பெல்லட்டைத் தள்ளும் திருகு சுற்றிக் கொஞ்சம் தீக்கிண்ணத்தில் விழும், ஃபேன் ஊதும், தீ ஏறும், பிறகு தணியும். 1980களில் ஓரிகான் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ ட்ரேகர் இந்த அடுப்பைக் கண்டுபிடித்தபோது இதில் இவ்வளவு எண்களே கிடையாது, ஆரம்பகால கிரில்களில் இருந்தது குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை சுவிட்சுதான். அவருடைய காப்புரிமை 2006இல் முடிந்தபிறகுதான் ஆளாளுக்குத் தயாரிக்க ஆரம்பித்து, கன்ட்ரோலர்களில் போட்டி வந்தது. பழைய வகை கன்ட்ரோலர் குறைந்த சூட்டில் திருகை 15 விநாடி சுற்றவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைக்கும், அதில் 20 டிகிரி மேலும் கீழும் போவது சாதாரணம். இப்போது வருகிற பிஐடி வகை (சூடு எவ்வளவு தள்ளிப் போகிறது என்று தொடர்ந்து கணக்கிட்டுத் திருத்திக்கொள்வது), பெல்லட்டைச் சின்னச் சின்னதாக அடிக்கடி போடுவதால் ஐந்து பத்து டிகிரிக்குள் நிற்கும். அதிலும் சில கம்பெனிகள் சின்ன ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டாமல் மழுப்பிவிடுகின்றன, எண் அசையாமல் நிற்பதால் தீயும் அசையவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் ஒருமுறை எட்டிப் பார்த்த எண்ணை வைத்து எதையும் மாற்றக்கூடாது. இப்படிச் செய்யுங்கள். உள்ளே கறி எதுவும் வேண்டாம். காற்று பலமாக இல்லாத நாளாக இருக்கட்டும். தெர்மாமீட்டர் முனை கம்பித்தட்டின் நடுவில், இரும்பைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். அதற்கான கிளிப் இல்லையென்றால் பாதி உருளைக்கிழங்கைக் கவிழ்த்து வைத்து அதில் கம்பியைக் குத்தி, முனை இரண்டு அங்குலம் வெளியே நீட்டியிருக்கும்படி செய்யுங்கள். 225 வைத்து, அந்தச் சூடு வந்தபிறகும் முப்பது நிமிடம் விடுங்கள், அதுவரை இரும்பே இன்னும் சூடாகிக்கொண்டிருக்கும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோலர் எண், உங்கள் எண் இரண்டையும் தாளில் எழுதுங்கள், ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ஜோடி கிடைக்கும். மூடியைத் திறக்கவே கூடாது. கடைசியில் இரண்டுக்கும் தனித்தனியாகச் சராசரி எடுங்கள். அந்த இரண்டு சராசரிகளின் வித்தியாசம்தான் உங்கள் கிரில்லின் உண்மையான வித்தியாசம்.

இதையே 325இலும் 400இலும் செய்ய வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆஃப்செட் என்பது எல்லாச் சூட்டிலும் ஒரே எண்ணைக் கூட்டுவது அல்லது கழிப்பது, அவ்வளவுதான். 225இல் 20 கூடுதலாகவும் 400இல் 3 கூடுதலாகவும் இருந்தால், 20 ஆஃப்செட் போட்ட கையோடு 400ஐக் கெடுத்துவிடுவீர்கள்.


எடிசன்அடுப்படி:

அளப்பதைப் பற்றி அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள், நான் சமையல் பக்கம் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் கிரில் என் பொறுப்பு.

புதுத் தோசைக்கல் வாங்கினால் முதல் நாலு தோசையில் எந்தப் பக்கம் சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்து, அப்புறம் மாவை அதற்கேற்ப இழுத்து விடுவோம் இல்லையா, அதே வேலையை இதற்கும் செய்யலாம். சாதா வெள்ளை பிரெட் ஒரு பாக்கெட் வாங்கி, 350 வைத்து நன்றாகச் சூடேறியபிறகு கம்பித்தட்டு முழுக்கத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் பரப்பி மூடிவிடுங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்து ஒவ்வொன்றையும் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்பது வரைபடம் போட்ட மாதிரி தெரியும். எடுப்பதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் கிரில்லில் பின்வரிசை இடது மூலையில் இரண்டு துண்டு மட்டும் காபித்தூள் நிறத்துக்குப் போய்விட்டது, மற்றவை இளம்பழுப்பு. இன்றுவரை அந்த மூலையில் கோழிக்காலை வைப்பேன், நெஞ்சுக்கறியை வைக்க மாட்டேன். எல்லா இடமும் ஒரே சூடாக இருக்கும் கிரில்லை நான் இன்னும் பார்க்கவில்லை, தெரிந்து வைத்திருந்தால் அந்தச் சூடும் உதவும்.

கசப்புக்கு வருகிறேன். பற்றவைத்த உடனே கறியை வைத்தீர்களா தம்பி? ஆரம்பத்தில் வருகிற அடர்ந்த வெள்ளைப்புகை போய், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலப்புகை வரும்வரை பொறுக்க வேண்டும், அந்த வெள்ளைப்புகைதான் கசக்கும். தோல் ரப்பராக இருந்ததற்கு கிரில்மேல் குற்றம் இல்லை, 225இல் கோழித்தோல் யார் வைத்தாலும் அப்படித்தான் வரும். கடைசி இருபது நிமிடமாவது 375, 400க்கு ஏற்றுங்கள்.

பெல்லட்டையும் பாருங்கள். இரண்டு விரலால் உடைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தோ உதிர்ந்தோ போனால் ஈரம் ஏறிவிட்டது. அது வெறும் அழுத்திய மரத்தூள்தான், ஈரம் பட்டால் உப்பிப் பழையபடி தூளாகிவிடும். ஒரு ஆகஸ்டில் மழையில் கிரில்லை உறை போடாமல் விட்டு ஊருக்குப் போய் வந்தேன், திருகுக்குழாய்க்குள் இறுகி சிமெண்ட் மாதிரி ஆகியிருந்தது, நாள் முழுக்கக் குத்தி எடுத்தேன். மூட்டையைப் பிரித்ததும் இறுக்கமான மூடி போட்ட வாளியில் கொட்டிவிடுங்கள். ஈரப் பெல்லட்டோடு என்ன அளந்தாலும் அந்த எண்கள் உதவாது.


ஃபிரிஸ்கோவாசி:

அண்ணா, சார், அக்கா மூன்று பேருக்கும் மிக்க நன்றி. ஞாயிறும் திங்களும் (இங்கே லேபர் டே விடுமுறை) இதிலேயே போனது, முடிவைச் சொல்கிறேன்.

ஐஸ் தண்ணீரில் ஒன்றாம் ஒயர் 32, இரண்டாம் ஒயர் 34. கொதிநீரில் 211, 213. அதாவது இரண்டாவது எப்போதும் 2 கூடுதலாகக் காட்டுகிறது, முதலில் இடப்பக்கம் 262 என்று காட்டியது அதுதான். சரி, 260 என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றினேன். தகடு சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது, ஆனால் வடிதட்டு வலப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, இடப்பக்கம் என் இரண்டு விரல் நுழையும் சந்து. ஏன் என்று பார்த்தால் அண்ணா சொன்ன மாதிரி தளம் சரிவு. நீர்மட்டக் குழலில் குமிழி ஓரத்துக்கே போய்விட்டது. வலப்பக்கக் கால்களுக்கு அடியில் அரை அங்குலப் பலகை வைத்து, தட்டை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம் சார் சொன்னபடி உருளைக்கிழங்கு குத்தி அளந்தேன், மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து எழுதினாள். சராசரிகள்: 225 வைத்தபோது கன்ட்ரோலர் 226, நடுவில் 236. 325 வைத்தபோது கன்ட்ரோலர் 325, நடுவில் 333. 400 வைத்தபோது 400, நடுவில் 402. இடது வலது வித்தியாசம் 225இல் இப்போது 8 டிகிரிதான், முன்பு இருபதுக்குக் கிட்டே இருந்தது. பிரெட் சோதனையும் செய்தேன், பின்வரிசை முழுக்க கொஞ்சம் கூடுதல் சிவப்பு, மற்றபடி ஒரே மாதிரி. கறுத்த பிரெட்டைத் தவிர மற்றதெல்லாம் வெண்ணெய் தடவித் தீர்ந்துவிட்டது.

இப்போது என்ன செய்ய? 10 ஆஃப்செட் போடவா, வேண்டாமா?


நெய்வேலி டு கால்கரி:

அருமையாக அளந்திருக்கிறீர்கள், உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். 10, 8, 2 என்று சூடு ஏற ஏற வித்தியாசம் குறைகிறது. நானாக இருந்தால் ஆஃப்செட் போட மாட்டேன். இந்த மூன்று வரியைத் தாளில் எழுதி, பெல்லட் போடும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுவேன். 225 வேண்டுமென்றால் 215 வைப்பது, 325 வேண்டுமென்றால் 315, 400 என்றால் 400.

ஒரு விஷயம் மனதில் வையுங்கள், நீங்கள் அளந்தது வெறும் கிரில்லை. பத்துப் பன்னிரண்டு பவுண்டு குளிர்ந்த கறியை உள்ளே வைத்தால் அதைச் சுற்றி இருக்கும் காற்று முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குறைவாகத்தான் காட்டும், கறியிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால். கறிக்கு ஒட்டி முனையை வைத்துவிட்டு "ஐயோ 205தான் காட்டுகிறதே" என்று சூட்டை ஏற்றினால், பிற்பகுதியில் கையை மீறிப் போகும். கறியிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், வைத்துவிட்டு விடுங்கள்.


ஹூஸ்டன்புகை:

தம்பி, நல்ல வேலை. ஆனால் சார் சொல்வதில் ஒன்றில் எனக்கு வேறு கருத்து. என் வீட்டில் நான் மட்டும் கிரில்லைத் தொடுவதில்லை, மனைவி, பெரிய பையன் எல்லோரும் சமைக்கிறார்கள், அவர்கள் ஒவ்வொரு தடவையும் தாளைப் பார்த்துக் கழித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நான் 95 சதவீதம் 225க்கும் 275க்கும் நடுவில்தான் சமைக்கிறேன், அதனால் அந்த இடத்துக்குச் சரியாக வரும்படி ஆஃப்செட் போட்டு வைத்திருக்கிறேன். 400இல் எட்டு டிகிரி குறைந்தால் கோழிக்கு ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் வீட்டில் யார் யார் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போடுவதாக இருந்தால் கூட்டலா கழித்தலா என்பதைப் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். சில கிரில்களில் ஆஃப்செட் +10 என்றால் சென்சார் படிப்போடு 10 கூட்டிக்கொள்ளும், அதனால் தீ குறையும். சிலதில் நேர்மாறு. என் நண்பர் ஒருவர் திருப்பிப் போட்டு, இருந்த வித்தியாசத்தை இரட்டிப்பாக்கிவிட்டார். போட்டபிறகு இன்னொரு முறை அரை மணி நேரமாவது அளந்து பாருங்கள்.

இன்னொன்று, அளப்பதற்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். நடுவில் தீ அணைந்து சூடு இறங்கிப் போயிருந்தால் அப்படியே மறுபடி பற்றவைக்காதீர்கள். அணைந்தது தெரியாமல் திருகு பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும், கிண்ணம் வழிய நிற்கும், பற்றவைத்தால் மொத்தமாகப் பிடித்து மூடியைத் தூக்கும் அளவுக்குத் தீ வரும். ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.


எடிசன்அடுப்படி:

முப்பது பேர் வருகிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன் தம்பி. கிரில் சூடு ஐந்து டிகிரி இப்படி அப்படி இருந்தால் யாருக்கும் தெரியாது, கறியின் உள்சூடுதான் தெரியும். ஒரு ஒயரைக் கறிக்குள்ளேயே விட்டுவிடுங்கள், எலும்பைத் தொடாமல், தடித்த இடத்தின் நடுவில். கோழி 165. ஆட்டுத்தொடை 145 தொட்டு மூன்று நிமிடம் விட்டாலே பயமில்லாமல் சாப்பிடலாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு, ஆனால் நம் ஆட்கள் அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்தால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். எலும்பிலிருந்து கழன்று விழ வேண்டுமென்றால் 195 முதல் 203 வரை போக வேண்டும், நேரத்தையும் அதற்கேற்ப ஒதுக்குங்கள். நடுவில் 150, 160களில் முள் அசையாமல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும், ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் அது. அந்த நேரத்தில் கிரில் கெட்டுவிட்டது என்று கை வைக்காதீர்கள்.

பிறந்தநாளுக்கு முன்னால் ஒரே ஒரு தொடையை வைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.


ஃபிரிஸ்கோவாசி:

நேற்று ஒத்திகை முடிந்தது. ஆஃப்செட் போடவில்லை, இப்போதைக்கு நான் மட்டும்தான் சமைக்கிறேன், தாளை மூடிக்குள் ஒட்டிவிட்டேன். தம்பி மகன் வந்தால் அவனுக்கும் அதைக் காட்டிவிடலாம்.

ஐந்தரை பவுண்டு தொடை, எலும்போடு. இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்பு, கொஞ்சம் மல்லித்தூள், உப்பு, நல்லெண்ணெய் பூசி இரவு முழுக்க ஊறவைத்தேன். 240 வைத்தேன், கம்பித்தட்டில் 250 வேண்டும் என்பதற்காக. வெள்ளைப்புகை போகும்வரை கால் மணி நேரம் காத்திருந்து காலை ஏழு மணிக்கு உள்ளே வைத்தேன். கம்பித்தட்டில் முதல் ஒரு மணி நேரம் 238, 240 என்று இருந்தது, சார் சொன்னது ஞாபகம் இருந்ததால் தொடவில்லை. ஒன்பது மணிக்குமேல் 248, 252 என்று தானாக வந்து நின்றது. உள்சூடு 158இல் ஐம்பது நிமிடம் நின்றது. 165 வந்ததும் அலுமினியத் தாளில் வெங்காயம் நிறையப் போட்டுச் சுற்றிவிட்டேன். ஒன்றரை மணிக்கு 200. எடுத்து ஒரு துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் முக்கால் மணி நேரம் வைத்தேன். எலும்பைப் பிடித்து இழுத்தேன், கறியில் ஒட்டாமல் வெள்ளையாகத் தனியே வந்தது. அடியில் இருந்த வெங்காயமும் சாறும் சேர்த்துப் பரோட்டாவுக்கு ஊற்றிக்கொண்டோம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நிறம், கசப்பு துளியும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த அளவுகள் எத்தனை நாளைக்குச் செல்லும்? ஜனவரியில் இங்கே சில நாள் 20 டிகிரிக்குக்கூட இறங்கும்.


நெய்வேலி டு கால்கரி:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. குளிர் வந்தால் ஒருமுறை அளந்துவிடுங்கள், 225இல் மட்டும் போதும். இங்கே குளிர்காலத்தில் என் கிரில்லில் சுவர்கள் குளிர்ந்துபோய் சுவரோர சென்சாருக்கும் நடுவுக்கும் வித்தியாசம் கோடையைவிட 10, 12 டிகிரி கூடுகிறது, பெல்லட்டும் ஒன்றரை மடங்கு ஆகிறது. கிரில்லுக்கென்று விற்கும் வெப்பக்காப்புப் போர்வையைப் போட்டபிறகு ஏறக்குறையக் கோடைக் கணக்குக்கு வந்துவிட்டது. உங்கள் ஊரில் போர்வை தேவைப்படாது, காற்று அடிக்காத சுவரோரமாக, ஆனால் சுவரிலிருந்து புத்தகத்தில் சொன்ன தூரம் விட்டு வைத்தால் போதும்.

குளிரைவிட அடிக்கடி ஏமாற்றுவது கரி. ஐந்தாறு தடவை சமைத்தபிறகு அந்த சென்சார் கம்பியைப் பாருங்கள், கறுப்பாகப் பிசுக்கு படிந்திருக்கும். அது கம்பளி போர்த்திய மாதிரி, சூடு ஏறுவதை சென்சார் தாமதமாக உணரும், அதற்குள் தீ மேலே போய்விடும், திரை எண் ஊஞ்சல் ஆடும். கிரில் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும், கம்பி நார் வேண்டாம். கூடவே கிண்ணத்துச் சாம்பலையும் எடுத்துவிடுங்கள். பிறந்தநாளுக்கு முந்தின நாள் இந்த இரண்டையும் செய்துவிட்டு, இரண்டு தொடைக்கும் ஒவ்வொரு ஒயர் குத்திவிடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் 200ஐத் தொடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பின்வரிசையில் இருப்பது முந்தும். நடுவில் ஒருமுறை இடம் மாற்றி வைத்தால் கிட்டத்தட்டச் சேர்ந்து வரும்.